காயலான் கடையும் கடற்படையும்: ஜாக்கி ஃபிஷர் என்றொரு சீர்திருத்தக்காரர்

1

‘சீர்திருத்தம்’ என்ற சொல் நம்மிடம் இரண்டு வேலை செய்கிறது. சாதி, பெண், மதம் சார்ந்து நடந்த சமூகச் சீர்திருத்தம் ஒன்று. 1991க்குப் பிறகு நிதியமைச்சர்கள் வாயிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் பொருளாதாரச் சீர்திருத்தம் இன்னொன்று. முன்னதில் கீழே கிடந்தவர்கள் எழுந்து நிற்க முயன்றார்கள். பின்னதில் மேலே இருந்தவர்கள் இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். இது மொழியின் குழப்பம் அல்ல. அதிகாரத்துக்கு இந்தக் குழப்பம் தேவைப்படுகிறது.

ஒரு அதிகார நிறுவனம் தன்னைத்தானே சீர்திருத்திக்கொள்ளும்போது என்ன நடக்கிறது? பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் ஜான் ஆர்புத்நட் ஃபிஷரின் (1841–1920) வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம். ஊருக்கெல்லாம் அவர் ‘ஜாக்கி’ ஃபிஷர். நெல்சனுக்கு அடுத்தபடியாக அந்தக் கடற்படை நினைவில் வைத்திருக்கும் பெயர் இவருடையதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. பாய்மரக் கப்பலில் பையனாக ஏறி, நீர்மூழ்கிக் கப்பல்களின் காலத்தில் இறங்கிப்போனவர்.

அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் மேதை. இன்னொன்றுக்கு அவர் பிடிவாதக்காரர், பழிவாங்குபவர், பாதிப் பைத்தியம். இரண்டு கட்சியும் மனுஷனின் குணத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. குணம் கிடக்கட்டும். அவர் எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் நமக்குக் கேள்வி.

2

ஃபிஷர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. இலங்கை மலைநாட்டில், இறம்பொடையில், 1841 ஜனவரி 25ஆம் தேதி. தகப்பனார் வில்லியம் ஃபிஷர் 78ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவின் காப்டன். கவர்னர் வில்மட்-ஹார்ட்டனின் மெய்க்காவல் உதவியாளராக இருந்தவர். பட்டாளத்தை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டம் போட்டார். 1840களின் கடைசியில் காப்பி விலை சரிந்தது. தோட்டம் கடனில் முழுகியது. பிறகு போலீஸ் உத்தியோகத்துக்குப் போனார்.

அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்தே மலையேறிய கூலிகளின் முதல் தலைமுறை அவர்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். தோட்டத் துரையின் மூத்த மகன் பிறந்த தேதி நம்மிடம் இருக்கிறது. வழியில் செத்தவர்களுக்குத் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. காலனிய ஆவணத்தின் மௌனம் என்று நாம் பேசுவது இதைத்தான்.

ஆறு வயதில் பையனை லண்டனிலிருந்த தாய்வழித் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பனை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. கவர்னரின் மனைவி அவனுக்கு ஞானத்தாய். அவருடைய சிபாரிசில்தான் 1854இல், பதின்மூன்று வயதில், கடற்படையில் இடம் கிடைத்தது. ‘காசில்லாமல், நாதியில்லாமல் நுழைந்தவன் நான்’ என்ற தொனியில் ஃபிஷர் பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார். காசில்லை என்பது மெய். நாதியில்லை என்பது அவ்வளவு மெய்யில்லை. கவர்னர் பங்களாவின் ஒரு சிபாரிசுக் கடிதம் எவ்வளவு பெரிய சொத்து என்பது காலனியில் வாழ்ந்த யாருக்கும் விளங்கும்.

ஆனாலும் அந்தப் பிறப்பு அவரை விடவில்லை. மஞ்சள் பாய்ந்த நிறமும் முகவாட்டும் கொண்டவர். அவருடைய தாய் ஒரு சிங்கள இளவரசி என்று எதிரிகள் வதந்தி கிளப்பினார்கள். பேரரசின் உச்சியிலிருந்த அட்மிரலை வீழ்த்தவும் ‘ஆசிய ரத்தம்’ என்ற வசவு பயன்பட்டது. வெள்ளை நிறவெறி வெள்ளைக்காரரைக் கூடச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும்.

3

ஃபிஷர் முதலில் வேலை பார்த்த கப்பல் ‘கல்கத்தா’. பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் தேக்கு மரத்தில் கட்டி 1831இல் நீரில் இறக்கியது. கப்பலில் ஏறிய புதிதில் மாலுமிகளைச் சவுக்கால் அடிப்பதைப் பார்த்து மயங்கி விழுந்ததாக அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்தச் செய்தி முக்கியம். மாலுமியின் வலி தெரிந்த அதிகாரி அவர். அதை மறுக்க வேண்டியதில்லை.

அடுத்து சீனா. இரண்டாம் அபின் யுத்தம். 1857 கடைசியில் கான்டன் நகரைப் பிடித்த படையில் இருந்தார். 1859 ஜூனில் டாக்கு கோட்டைகள் முன்னால் பிரிட்டிஷார் உதை வாங்கித் திரும்பியபோதும் இருந்தார். அந்த ஒரே நாளில் நானூறு பேருக்கு மேல் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ஒரு தேசத்தின் மேல் அபினைத் திணிப்பதற்காக நடந்த யுத்தத்தில்தான் இந்தப் பையன் தொழில் கற்றான். பிறகு பீரங்கிப் பயிற்சிக் கப்பல், டார்பிடோ ஆராய்ச்சி என்று தொழில்நுட்பத்தின் பக்கம் போனார். நீருக்கடியில் வெடிக்கும் அந்தப் புதுச் சாமானில் எதிர்காலம் இருக்கிறது என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டவர்களில் அவர் ஒருவர்.

1882 ஜூலை 11ஆம் தேதி அலெக்ஸாண்டிரியா நகரக் கோட்டைகள் மேல் பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு பொழிந்தன. ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’ என்ற பெரிய போர்க்கப்பலின் காப்டன் ஃபிஷர். எகிப்தில் அராபி பாஷாவின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, ஐரோப்பியக் கடன்காரர்களின் பிடிக்கு எதிரானது. சூயஸ் கால்வாயும் கணக்கில் இருந்தது. குண்டுவீச்சுக்குப் பின் நகரம் பற்றியெரிந்தது. கரையிறங்கிய ஃபிஷர், ரயில் வண்டிக்கு இரும்புத் தகடு போர்த்தி, பீரங்கி ஏற்றி, கவச ரயில் ஒன்றைத் தயார் செய்தார். லண்டன் பத்திரிகைகளில் பெயர் வந்தது. கூடவே வயிற்றுக் கடுப்பும் மலேரியாவும் வந்தன.

தோற்ற அராபி பாஷாவை எங்கே நாடுகடத்தினார்கள் தெரியுமா? இலங்கைக்கு. 1883இலிருந்து 1901வரை கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். இலங்கையில் பிறந்தவர் எகிப்தைச் சுட, எகிப்தில் பிறந்தவர் இலங்கையில் சிறைப்பட்டார். பேரரசின் வரைபடத்தில் ஒரே தீவு ஒருவருக்குத் தொட்டில், இன்னொருவருக்குக் கூண்டு.

4

1904 அக்டோபரில் ஃபிஷர் கடற்படையின் தலைமைப் பதவிக்கு, ‘ஃபர்ஸ்ட் ஸீ லார்ட்’ நாற்காலிக்கு, வந்தார். ஏன் அவரைக் கொண்டுவந்தார்கள்? தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு நடத்திய யுத்தம் கஜானாவைக் காலி பண்ணியிருந்தது. குறைந்த செலவில் அதே ஆதிக்கம் வேண்டும். இந்த மனுஷன் அதைச் செய்து தருவேன் என்றார். ஆக, சீர்திருத்தத்தின் பிறப்பிடம் ஒரு பட்ஜெட் நெருக்கடி. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதல்லவா?

வந்தவுடன் 150க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களைப் பட்டியல் போட்டு ஒதுக்கினார். பல நேராகக் காயலான் கடைக்குப் போயின. இவற்றில் பெரும்பகுதி தூரதேசக் கடல்களில் நின்று கொடி காட்டிக்கொண்டிருந்த சின்னப் பீரங்கிப் படகுகள். சண்டை போடவும் லாயக்கில்லை, தப்பி ஓடவும் வேகமில்லை என்பது அவர் கட்சி. அவற்றிலிருந்த ஆட்களைத் தாய்நாட்டுக் கடலுக்கு இழுத்துக்கொண்டார். கடற்படைச் செலவு 1904–05இல் ஏறத்தாழ 3.7 கோடி பவுனாக இருந்தது, மூன்று ஆண்டுகளில் சுமார் 3.1 கோடியாகக் குறைந்தது. துறைமுகத் தொழிற்கூடங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் முதல் செய்தி ஒரு பக்கம் வரும். இரண்டாவது ஒரு வரி வரும்.

சும்மா சொல்லக்கூடாது, கப்பலுக்குள்ளும் அவர் கை வைத்தார். கல்லு மாதிரி பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கப்பலிலேயே ரொட்டி சுட ஏற்பாடு வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சினியர் பிரச்சினை. மேல்தளத்தில் நின்று கட்டளையிடும் அதிகாரி பெரிய குடும்பம். கீழே எஞ்சின் அறையில் கையில் எண்ணெய் படிய நிற்கும் எஞ்சினியர் தொழில்காரக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே மேசையில் சரிசமமாக முடியாது. இது இங்கிலாந்தின் வருணமுறை என்றே சொல்லலாம். 1902 கடைசியில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், இருவகை அதிகாரிகளும் ஒரே வயதில், ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டுமென்று ஃபிஷர் ஏற்பாடு செய்தார். படிப்பு இலவசமாக வேண்டும், இல்லாவிட்டால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அதிகாரியாவார்கள் என்றும் வாதாடினார். கட்டணம் ஒழியவில்லை. ஒரே பள்ளி என்பதும் நிலைக்கவில்லை. 1925இல் எஞ்சினியர்களை மறுபடி தனிப் பிரிவாக ஒதுக்கிவிட்டார்கள். கப்பலின் இரும்பை மாற்றுவது சுலபம், அதற்குள் இருக்கும் படிக்கட்டை மாற்றுவது கஷ்டம்.

1905 அக்டோபர் 2ஆம் தேதி போர்ட்ஸ்மத் துறையில் ‘ட்ரெட்நாட்’ கப்பலுக்கு அடித்தளம் போட்டார்கள். 1906 பிப்ரவரி 10ஆம் தேதி அரசர் எட்வர்ட் அதை நீரில் இறக்கினார். ஓராண்டு முடிந்த மறுநாள் கப்பல் ஓடிக்காட்டியது. பன்னிரண்டு அங்குல பீரங்கிகள் பத்து. நீராவி டர்பைன் எஞ்சின். 21 நாட் வேகம். உலகத்தில் அதுவரை கட்டிய எல்லாப் போர்க்கப்பலும் ஒரே நாளில் பழசாகிவிட்டது என்றார்கள். இந்த வேகத்தின் பின்னால் வாரத்துக்கு ஆறு நாள், 69 மணி நேரம் வேலை செய்த தொழிலாளர்கள் இருந்தார்கள். வேறு கப்பல்களுக்காகச் செய்து வைத்திருந்த பீரங்கிகளையும் எடுத்து இதில் பொருத்தினார்கள்.

அதே போர்ட்ஸ்மத். அதே 1906. நவம்பர் மாதம். கடற்படை முகாமில், மழையில் அணிவகுப்பைக் கலைத்த ஸ்டோக்கர்களைப் பார்த்து ஒரு லெஃப்டினன்ட் மண்டியிடச் சொன்னார். ஸ்டோக்கர் என்றால் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவர். கப்பலின் அடிவயிற்றில், நெருப்பு முன்னால் வேகிறவர். மண்டியிட மறுத்தார்கள். இரண்டு இரவு கலவரம். கைதான ஸ்டோக்கர் ஒருவருக்கு ஐந்தாண்டுக் கடுங்காவல், பிறகு அது குறைக்கப்பட்டது. அதிகாரிக்குக் கண்டனம், அவர் பிற்காலத்தில் ரியர் அட்மிரல் வரை உயர்ந்தார். உலகின் நவீனக் கப்பல் தயாராகிக்கொண்டிருந்த ஊரிலேயே அதை ஓட்டுகிறவனை மண்டியிடச் சொல்கிறார்கள். எஞ்சின் நவீனமாகிவிட்டது. உறவு நவீனமாகவில்லை.

5

பழைய கப்பல் எல்லாம் பழசாகிவிட்டது என்றால், யாரிடம் பழைய கப்பல் அதிகம் இருந்தது? பிரிட்டனிடம்தான். முன்னணியில் இருந்தவர் தானே ஓட்டப்பந்தயத்தை மறுபடி ஆரம்பப் புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார். நாம் செய்யாவிட்டால் வேறு நாடு செய்யும் என்று ஃபிஷர் தரப்பு சொன்னது. அதில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே யோசனை இருந்தது. ஆனால் ஆயுதப் போட்டியின் தர்க்கமே இதுதானே? ஒவ்வொருவனும் அடுத்தவனைக் காட்டித்தான் கட்டுகிறான்.

ஜெர்மனியும் கட்டியது. 1909இல் லண்டனில் பீதி கிளப்பப்பட்டது. ஜெர்மனி ரகசியமாக வேகம் கூட்டுகிறது என்ற தகவலை அரசாங்கத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஓர் ஆயுதக் கம்பெனியின் நிர்வாகி. நான்கு போதும் என்றவர்களுக்கும் ஆறு வேண்டும் என்றவர்களுக்கும் நடந்த சண்டை எட்டுக் கப்பலில் போய் முடிந்தது! பயந்த அளவுக்கு ஜெர்மனி கட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. செலவைக் குறைக்க வந்த சீர்திருத்தம் ஐந்தே ஆண்டுகளில் செலவை ஏற்றிவிட்டது. முதியோர் பென்ஷனும் ட்ரெட்நாட்டும் ஒரே பட்ஜெட்டில் மோதிக்கொண்டன.

ஃபிஷரின் யுத்தக் கொள்கை ஒளிவுமறைவில்லாதது. 1899இல் ஹேக் சமாதான மாநாட்டுக்கு பிரிட்டன் அவரைப் பிரதிநிதியாக அனுப்பியது. யுத்தத்தை மனிதாபிமானமாக்குவது என்ற பேச்சையே அவர் கிண்டல் செய்தார். முதல் அடியே பலமாக விழ வேண்டும், அந்தப் பயம்தான் சமாதானம் என்றார். பிற்பாடு, ஜெர்மன் கடற்படையை அது வளருமுன் துறைமுகத்திலேயே திடீரென்று அழித்துவிடலாம் என்று அரசரிடமே யோசனை சொன்னார். அரசர் திகைத்துப்போனார். இன்றைக்கு அணுகுண்டுக்காரர்கள் சொல்லும் ‘அச்சுறுத்திக் காக்கும் அமைதி’ அவர் வாயில் அன்றைக்கே இருந்தது.

சக அட்மிரல் பெரஸ்ஃபோர்டுடன் வந்த பகை முற்றி, 1910 ஜனவரி 25ஆம் தேதி, தன் 69ஆவது பிறந்தநாளில், ஃபிஷர் பதவி விலகினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி ‘அபிசீனிய இளவரசர்கள்’ ட்ரெட்நாட்டைப் பார்வையிட வந்தார்கள். அதிகாரிகள் மரியாதையோடு சுற்றிக்காட்டினார்கள். வந்தவர்கள் முகத்தில் கருமை பூசிய லண்டன் இளைஞர்கள். ஒட்டுத்தாடியுடன் நின்றவர்களில் ஒருவர் பிற்காலத்தில் வர்ஜீனியா உல்ஃப் என்று நாமறிந்த எழுத்தாளர். பேரரசின் மகா ரகசியக் கப்பலை ஒரு டப்பா மை ஏமாற்றிவிட்டது. சிரிக்கலாம். ஆனால் கறுப்புத் தோல் இங்கேயும் வேஷமாகத்தான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பும் பேரரசின் மேக்கப் பெட்டியிலிருந்தே சாமான் எடுத்துக்கொண்டது.

6

ஃபிஷருடைய செயல்களில் இன்றுவரை உயிரோடிருப்பது ட்ரெட்நாட் அல்ல, எண்ணெய். கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாற வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர் அவர். ‘எண்ணெய்ப் பைத்தியம்’ என்றே பட்டப்பெயர். வேகம் கூடும், புகை குறையும், நடுக்கடலிலேயே நிரப்பலாம். இன்னொரு வாதமும் இருந்தது: ஸ்டோக்கர்களின் எண்ணிக்கை பெருமளவு குறையும். 1912இல் எரிபொருள் பற்றிய ராயல் கமிஷனுக்குத் தலைவரானார். அதே 1912இல்தான் பிரிட்டன் முழுக்க நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இது தற்செயலாக இருக்கலாம். விளைவைப் பாருங்கள். நிலக்கரி வேல்ஸ் மண்ணில் இருந்தது. வெட்டுகிறவனுக்கு ஓட்டும் சங்கமும் உண்டு. எண்ணெய் பாரசீகத்தில் இருந்தது. அங்கே வாக்கு கேட்க வேண்டியதில்லை, படை அனுப்பினால் போதும்.

1914இல் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை பிரிட்டிஷ் அரசே வாங்கியது. சர்ச்சில் அப்போது கடற்படை அமைச்சர், ஃபிஷர் அவருக்குத் திரைமறைவு ஆலோசகர். அந்தக் கம்பெனியைத் தொடக்கத்தில் தாங்கிப் பிடித்தது பர்மா ஆயில் கம்பெனி. எண்ணெய் தோண்டியவர்களுக்குக் காவல் நின்றது வங்காளக் குதிரைப்படையின் இந்தியச் சிப்பாய்கள். 1914 நவம்பரில் பஸ்ராப் பக்கம் முதலில் கரையிறங்கியதும் இந்தியப் படைதான். அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் காப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. ஆலையில் வேலைக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆள் கொண்டுபோனார்கள். 1920இலும் 1922இலும் அங்கே இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்டோக்கரை ஒழித்துவிட்டதாக நினைத்த இடத்தில் இன்னொரு கூலி முளைத்துவிட்டான்.

சென்னைக்கும் இந்த எண்ணெய் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும்போது அந்தத் தீ இன்னும் நம் மொழிக்குள் கொஞ்சம் எரிகிறது.

7

1914 அக்டோபர் 30ஆம் தேதி, 73 வயதில், சர்ச்சில் அவரை மறுபடி அழைத்தார். டிசம்பரில் ஃபாக்லாந்துத் தீவுகள் அருகே ஃபிஷர் அனுப்பிய வேகக் கப்பல்கள் ஜெர்மன் அணியொன்றை மூழ்கடித்தன. வேகமே கவசம் என்பது அவர் சித்தாந்தம். 1916 மே 31ஆம் தேதி ஜட்லண்டில் அதே வகைக் கப்பல்கள் மூன்று வெடித்துச் சிதறின. சுமார் 3,300 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மெல்லிய தகடு மட்டும் காரணமில்லை, வெடிமருந்தைக் கையாண்ட அலட்சியமும் சேர்ந்தது என்கிறார்கள். செத்தவனுக்கு இந்த விவாதம் உதவாது.

டார்டனெல்ஸ் தாக்குதலில் ஃபிஷருக்கு நம்பிக்கையில்லை. 1915 ஜனவரி 28ஆம் தேதி யுத்தக் குழுக் கூட்டத்தில் எழுந்து போகப் பார்த்தவரை கிச்சனர் ஜன்னலோரம் கூட்டிப்போய்ச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார். உட்கார்ந்தார். பேசாமல் இருந்தார். இந்த மௌனம்தான் அவர் வாழ்க்கையின் பெரிய குற்றம் என்பேன். கடித்துக் குதறும் நாக்கு உடையவர், ஆயிரக்கணக்கானவர் சாகப்போகும் மேசையில் நிறுவன ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டார். மே 15ஆம் தேதி விலகினார். அதற்குள் கல்லிப்போலிக் கரையில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தன. பிறகு திரும்பி வர நிபந்தனை போட்டார்: முழு அதிகாரமும் தன் கையில் வேண்டும். யாரும் ஒப்பவில்லை.

ட்ரெட்நாட் என்ன ஆனது? அந்தக் கப்பலின் பத்துப் பெரிய பீரங்கிகளும் எந்த எதிரிப் போர்க்கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஜட்லண்டில் அது இல்லவே இல்லை. அது மூழ்கடித்தது ஒரே ஒரு நீர்மூழ்கியை, அதுவும் முட்டி மோதி. நாள் 1915 மார்ச் 18. டார்டனெல்ஸில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கி முழுகிய அதே நாள்.

ஃபிஷரை அயோக்கியன் என்று முடித்துவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. திறமைசாலி, உழைப்பாளி, கீழ்த்தளத்து மாலுமிமேல் அக்கறை உள்ளவர், பிறப்புச் செருக்கை வெறுத்தவர். அதனால்தான் அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது. நல்ல குணங்கள் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்த யந்திரம் இன்னும் நன்றாக ஓடியது. எப்படி ஓடுகிறது என்று அவர் அறுபது வருஷம் கேட்டார். எதற்கு ஓடுகிறது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கட்சியிலோ, சங்கத்திலோ, அரசு நிறுவனத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ உள்ளேயிருந்து மாற்றிவிடலாம் என்று நம்பிப் போகும் நம் தோழர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. ரொட்டி வந்தது என்பதும் மெய். மண்டியிடச் சொன்னார்கள் என்பதும் மெய். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கும்போது அங்கே சீர்திருத்தம் என்ற சொல்தான் திரையாகத் தொங்குகிறது.

1920 ஜூலை 10ஆம் தேதி ஃபிஷர் செத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசு மரியாதையோடு சடங்கு நடந்தது. அடுத்த ஆண்டு, 1921இல், ட்ரெட்நாட்டும் பழைய இரும்புக்கு விற்பனையானது. அதே காலத்தில் அபாதானில் எண்ணெய் ஆலை பெரிதாகிக்கொண்டிருந்தது. 1951இல் ஈரான் அந்த எண்ணெயைத் தன்னுடையது என்று அறிவித்தது. 1953இல், அப்படி அறிவித்த மொசாதெக்கின் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். காயலான் கடைக்குப் போனது கப்பல் மட்டும்தான்.